சாம்பல் கிளி பரிசுப் பொருள் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் பரிசாக ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி வாங்கித் தரலாம் என்று சென்ற ஞாயிறு இணைப்பில் முழுப்பக்கக் கட்டுரை ஒன்று வந்திருந்தது. நன்றாகப் பேசும், இடத்தை அடைக்காது, கொஞ்சம் விதையும் தண்ணீரும் வைத்தால் போதும், நாள் முழுக்க வேலைக்குப் போகிறவர்களுக்கும் தோதான பறவை என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். கூடவே ஒரு படம். வட்டக் கூண்டுக்குள் ஒரு கிளி கம்பியைப் பற்றிக்கொண்டு வெளியே பார்க்கிறது. கீழே ‘கொஞ்சும் செல்லம்’ என்று போட்டிருந்தது. அந்தக் கிளியின் நெஞ்சில் இறகு இல்லை. கழுத்துக்குக் கீழே தொடங்கி வயிறு வரைக்கும் வெறும் தோலும், அங்கங்கே திட்டுத் திட்டாக வெள்ளைப் பஞ்சும்தான். தலையில் மட்டும் ஒரு இறகுகூடக் குறையாமல் இருந்தது. தன் அலகு எட்டாத இடம் தலை ஒன்றுதான். ஆகவே மற்ற இறகுகளைப் பிடுங்கிப் போட்டது அந்தக் கிளியேதான் என்று பறவை வைத்தியத்தோடு பழகிய யாரும் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்கள். அந்தப் படத்தைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் பறவைகளுக்கான மருத்துவமனை ஒன்றில் உதவியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வருகிற பறவையைத் துண்டில் சுற்றிப் பிடிப்பது, எடை போடுவது, மருத்துவர் ஊசி போடும்போது தலையை அசையாமல் தாங்கிக்கொள்வது இவையெல்லாம் என் வேலை. இப்போது என் வீட்டில் ராஜா என்றொரு காங்கோ சாம்பல் கிளி இருக்கிறது. ராஜா பெண். இந்த இனத்தில் ஆணா பெண்ணா என்று கண்ணால் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. ரத்தத்தையோ இறகையோ டி.என்.ஏ. சோதனைக்கு அனுப்பித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தெரிய வந்தபோது அது அந்தப் பெயருக்குப் பழகிவிட்டிருந்தது, அதனால் மாற்றவில்லை. என்னிடம் வருவதற்கு முன் இரண்டு வீடுகளில் இருந்த பறவை. முதல் வீட்டில் வளர்த்த பெரியவர் காலமானார். இரண்டாவது வீட்டில் சின்னக் குழந்தைக்கு மூச்சிரைப்பு வந்தது. இரண்டு வீட்டாரும் பாசமாக வைத்திருந்தவர்கள்தான். இந்தப் பறவை எத்தனை வருடம் இருக்கும், அதன் உடம்பிலிருந்து எவ்வளவு தூள் உதிரும் என்று வாங்கும் நாளில் அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. அப்படிச் சொல்லவேண்டிய இடத்தில் இருக்கிற ஒரு பத்திரிகையும் சொல்லாமல் விட்டதுதான் என் மனத்தாங்கல்.

எல்லோரும் பேச்சுக்காகத்தான் வாங்குகிறார்கள், அதனால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். சாம்பல் கிளி பேசும் என்பதில் சந்தேகமே இல்லை. ஐரீன் பெப்பர்பெர்க் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1977இல் சிகாகோவில் ஒரு செல்லப்பிராணிக் கடையில் வாங்கிய அலெக்ஸ் என்ற சாம்பல் கிளி ஏறத்தாழ நூறு சொற்களை இடமறிந்து பயன்படுத்தியது. ஏழு நிறங்களுக்கும் ஐந்து வடிவங்களுக்கும் பெயர் சொன்னது. தட்டில் கலந்து கிடக்கும் பொருள்களில் பச்சைக் கட்டை எத்தனை என்று கேட்டால் எண்ணிச் சொன்னது. 2007இல் 31 வயதில் இறந்தது. இந்தக் கதையைக் கேட்டுவிட்டுக் கிளி வாங்க ஓடுகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. அந்த முப்பது வருடமும் அலெக்ஸைச் சுற்றி நாள் முழுக்க ஆட்கள் இருந்தார்கள். ஒருவர் மாற்றி ஒருவர் அதனோடு பேசினார்கள், பொருளைக் காட்டினார்கள், கேட்டதைக் கொடுத்தார்கள். அப்படியிருந்தும் பாடம் அலுத்துப்போனால் கூண்டுக்குத் திரும்பிப் போகவேண்டும் என்று அலெக்ஸ் வாய்விட்டே கேட்டது. வீட்டில் நாம் தரப்போகும் பத்து நிமிடத்தில் இப்படியொரு பறவையின் மூளைக்கு என்ன வேலை கிடைக்கும்?

காட்டில் சாம்பல் கிளி தனியாக வாழ்வதில்லை. மேற்கு ஆப்பிரிக்காவிலும் மத்திய ஆப்பிரிக்காவிலும் உள்ள தாழ்நில மழைக்காடுகளில், அந்தி சாய்ந்தால் நூற்றுக்கணக்கில் ஒரே இடத்து மரங்களில் வந்து அடையும். ஒன்றையொன்று கண்ணில் படாதபோது குரல் கொடுத்துக்கொண்டே இருக்கும். ‘இங்கே இருக்கிறேன், நீ எங்கே?’ என்பதுதான் அந்தக் குரலின் வேலை. வீட்டுக்கு வந்த கிளிக்கு நாம்தான் கூட்டம். நாம் அறையை விட்டுப் போனதும் அது கூப்பிடுகிறது. எந்தச் சத்தத்துக்கு நாம் திரும்பி வருகிறோமோ அந்தச் சத்தத்தை வைத்துக்கொள்கிறது. கைப்பேசி மணியையும் கதவு கிரீச்சிடுவதையும் அது அவ்வளவு சீக்கிரம் பிடித்துக்கொள்வதற்குக் காரணம், அந்தச் சத்தங்களுக்குத்தான் நாம் ஓடி வருகிறோம். 2020இல் இங்கிலாந்தின் லிங்கன்ஷைரில் உள்ள ஒரு வனவிலங்குப் பூங்காவில் ஐந்து சாம்பல் கிளிகள் வருகிறவர்களை எல்லாம் கெட்ட வார்த்தையால் திட்டத் தொடங்கின, பார்வையாளர் கண்ணில் படாத இடத்துக்கு அவற்றை மாற்றினார்கள் என்று உலகம் முழுக்கச் செய்தி வந்தது. ஒன்று திட்டியதும் ஆட்கள் சிரித்தார்கள். சிரிப்புக் கிடைத்ததும் அடுத்தது திட்டியது. கிளி கேட்பது நம் கவனத்தை. அதை நல்ல வார்த்தைக்குக் கொடுத்தால் நல்ல வார்த்தை வரும், அலறலுக்குக் கொடுத்தால் அலறல்தான் வரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெரும்பாலான சாம்பல் கிளிகள் ஒரு வயதை ஒட்டித்தான் தெளிவாகப் பேசத் தொடங்கும். சில கிளிகள் கடைசிவரை விசிலோடு நிறுத்திக்கொள்ளும். பேச்சுக்காகவே வாங்கப்பட்ட கிளி அந்த ஒரு வருடத்திற்குள்ளாகவே பால்கனிக்குப் போய்விடுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது வயது. நல்ல பராமரிப்பில் 40 முதல் 60 வருடம் வாழும் பறவை இது. பத்து வயதுப் பிள்ளைக்குப் பரிசாகக் கொடுத்தால் அந்தப் பிள்ளை படித்து, வெளியூர் போய், கல்யாணம் செய்து, தன் பிள்ளைக்குக் கல்யாணம் செய்யும்வரை கிளி இருக்கும். ஐம்பது வயதில் நமக்காக வாங்கினால் நமக்குப் பிறகும் இருக்கும். ஆகவே கடைக்குப் போகும் முன் வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டிய முதல் பேச்சு, ‘நம்மால் முடியாதபோது இதை யார் பார்த்துக்கொள்வார்கள்?’ என்பதுதான். அதற்குப் பெயர் சொல்லி ஒரு பதில் கிடைக்காவிட்டால், வேறு பறவையைப் பற்றி யோசிப்பது நல்லது.

எங்கிருந்து வருகிறது என்பதைக் கட்டுரை ஒரு வரியில்கூடத் தொடவில்லை. எனக்கு மிகவும் வருத்தம் தந்தது இதுதான். கிளைகளில் பசை தடவி, அருகில் பழக்கிய கிளியைக் கட்டிவைத்துக் கூவ விட்டு, அதன் குரலுக்கு இறங்கி வரும் கூட்டத்தை மொத்தமாகப் பிடிக்கும் வழக்கம் அந்தக் காடுகளில் பல காலம் நடந்தது. பெட்டிகளில் அடைத்து அனுப்பும்போது வழியிலேயே செத்தவை ஏராளம். 1975 தொடங்கி, கணக்கில் பதிவாகி ஏற்றுமதியான காட்டுச் சாம்பல் கிளிகள் மட்டும் 12 லட்சத்துக்கும் மேல். கானாவில் 1990களின் தொடக்கத்திலிருந்து 90 முதல் 99 சதவீதக் கிளிகள் இல்லாமல் போய்விட்டன என்று 2016இல் வெளியான ஆய்வு சொன்னது. அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் சைட்டீஸ். அதே 2016இல் ஜோகன்னஸ்பர்க்கில் கூடிய அதன் மாநாடு இந்தப் பறவையை மிகக் கடுமையான கட்டுப்பாடு உள்ள முதல் பட்டியலுக்கு மாற்றியது. காட்டில் பிடித்த சாம்பல் கிளியை வணிகத்துக்காக நாடு விட்டு நாடு கொண்டுபோவது 2017 ஜனவரியிலிருந்து தடை. காங்கோ, டிம்னே இரண்டு வகையுமே இன்று அழியும் ஆபத்தில் உள்ளவை என்ற பட்டியலில் இருக்கின்றன.

அதனால் வாங்குகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை பற்றியது அல்ல. பறவை எங்கே பொரித்தது, அதன் தாய் தகப்பன் எங்கே என்று கேளுங்கள். வளர்ப்பில் பிறந்த குஞ்சுக்குப் பிறந்த சில வாரத்திலேயே இணைப்பு இல்லாத முழு வளையத்தைக் காலில் மாட்டுவார்கள். கால் பெருத்த பிறகு அந்த வளையத்தைப் போடவும் முடியாது, கழற்றவும் முடியாது. வளையத்தில் உள்ள எண்ணும் கையில் தரும் தாளில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். உங்கள் நாட்டுச் சட்டப்படி என்ன பதிவு வேண்டுமோ அதையும் வாங்கும் முன்பே வனத்துறையிடம் விசாரித்துக்கொள்ளுங்கள். தாள் பிறகு வரும் என்று சொல்கிறவரிடம் வாங்கவே கூடாது.

வகை இரண்டு. காங்கோ பெரியது. 33 சென்டிமீட்டர் நீளம், பொதுவாக 400 முதல் 500 கிராம் எடை, கறுத்த அலகு, பளிச்சென்ற சிவப்பு வால். டிம்னே சிறியது. 28 சென்டிமீட்டர், 300 கிராம் சுற்றி இருக்கும். உடல் இன்னும் கருமையான சாம்பல், வால் அரக்குச் சிவப்பு, மேல் அலகு எலும்பு நிறத்தில் வெளுத்திருக்கும். டிம்னே சற்றுத் திடமான மனசுள்ளது, சீக்கிரம் பேசும் என்பார்கள். எனக்குத் தெரிந்தவரை அது வளர்ப்பைப் பொறுத்தது, வகையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். வயதுக்குக் கண்ணைப் பாருங்கள். குஞ்சுக்குக் கருவிழியைச் சுற்றியுள்ள வளையமும் கரும் சாம்பலாக இருக்கும். ஒரு வயதில் வெளிறத் தொடங்கி, பிறகு மெல்ல மெல்ல இளமஞ்சள் ஆகும். கண் மஞ்சளாக இருக்கும் பறவையை ‘ஆறு மாதக் குஞ்சு’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

குஞ்சு விஷயத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டியிருக்கிறது. தானாகத் தின்னப் பழகாத குஞ்சைக் கையில் கொடுத்து, ‘நீங்களே ஊட்டி வளர்த்தால்தான் உங்களிடம் ஒட்டும்’ என்று விற்கிறார்கள். இதைப்போல ஒரு பொய் கிடையாது. ஊட்டும் கூழ் ஏறத்தாழ 39 முதல் 41 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்க வேண்டும். ஆறிப்போனால் கழுத்தடியில் உள்ள தீனிப்பையில் தேங்கிப் புளித்துவிடும். சூடு கூடினால் தீனிப்பை வெந்துவிடும். வெந்தது உடனே தெரியாது. குஞ்சு வழக்கம்போல வாயைத் திறந்து வாங்கிக்கொள்ளும். சில நாள் கழித்து நெஞ்சருகே தோல் கறுத்து, காய்ந்த பொருக்கு விழுந்து, அந்த ஓட்டை வழியாகக் கூழ் வெளியே வழியும். அப்படி ஒரு குஞ்சை நான் உள்ளங்கையில் ஏந்திப் பிடித்திருக்கிறேன். ஊட்ட ஊட்ட நெஞ்சு நனைந்துகொண்டே இருந்தது, அதுவோ பசியில் தலையை ஆட்டி ஆட்டி இன்னும் கேட்டது. கொண்டுவந்த பெண் அடுப்பில் வைத்துச் சூடாக்கியிருந்தாள். கடையில் வெப்பமானி பற்றி யாரும் அவளிடம் வாயே திறக்கவில்லை. சாம்பல் கிளிக் குஞ்சு கூட்டை விட்டுப் பறக்கவே ஏறத்தாழ 12 வாரம் ஆகும், அதற்குப் பிறகும் பெற்றோர் சில காலம் ஊட்டும். தானாகத் தின்று, பறக்கவும் கற்று, எடை குறையாமல் நிற்கும் குஞ்சைத்தான் வாங்க வேண்டும். முடிந்தால் தாய் தகப்பனோடு சில வாரமாவது இருந்த குஞ்சு. தன் இனத்தைப் பார்த்து வளர்ந்த பறவை பயம் குறைந்ததாக இருக்கும், நம்மிடம் ஒட்டவும் செய்யும்.

என்னைக் கேட்டால் குஞ்சே வேண்டாம் என்பேன். வளர்த்தவர்கள் கைவிட்ட பெரிய கிளிகளுக்கு வீடு தேடிக்கொண்டிருப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பறவை வைத்தியம் பார்க்கும் மருத்துவரிடம் கேட்டால் வழி சொல்வார். பெரிய கிளி புது ஆளிடம் பழகாது என்பது தவறு. ராஜா வந்த புதிதில் கையை நீட்டினால் நாயைப்போல உறுமும். சாம்பல் கிளி உறுமும் என்பதுகூடப் பலருக்குத் தெரியாது. நான் கையை உள்ளே விடுவதை நிறுத்திவிட்டு, கூண்டுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து செய்தித்தாளைச் சத்தமாக வாசித்தேன். ஒவ்வொரு நாளும் நாற்காலியைக் கொஞ்சம் கிட்டத்தில் போட்டேன். உறுமினால் பின்னுக்கு இழுத்தேன். அது பாதாம் துண்டை என் விரலிலிருந்து வாங்க எவ்வளவு நாள் எடுத்துக்கொண்டதோ அவ்வளவு நாளும் அதற்குத் தேவைப்பட்டது. போகச் சொன்னால் போகிறவள் என்று தெரிந்த பிறகுதான் என்னை அருகில் விட்டது.

எந்தக் கிளியானாலும் வாங்கும் இடத்தில் அவசரப்படாமல் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். ஆள் பார்ப்பது தெரிந்தால் நோயுள்ள பறவையும் நிமிர்ந்து உட்காரும். இரையாகும் உயிர்கள் நோயை மறைக்கும். மூக்குத் துளை இரண்டும் சுத்தமாக, ஒரே அளவில் இருக்கிறதா, மூச்சு விடும்போது வால் மேலும் கீழும் ஆடுகிறதா, எச்சத்தில் வெள்ளையும் பச்சையும் பிரிந்து தெரிகிறதா, நெஞ்சு எலும்பு கத்திபோலத் துருத்துகிறதா என்று பாருங்கள். வீட்டுக்குப் போகும் வழியிலேயே மருத்துவரிடம் காட்டிச் சோதனை செய்துவிடுங்கள். சிட்டகோசிஸ் என்ற கிளிக் காய்ச்சல் மனிதருக்கும் தொற்றி நுரையீரலைத் தாக்கும், ஆனால் மருந்துக்குக் கட்டுப்படும். அலகு-இறகு நோய் என்ற வைரஸ் நோய்க்கு மருந்து கிடையாது. சாம்பல் கிளிக் குஞ்சுகளை அது இறகு கொட்டும் முன்பே கொன்றுவிடுவதும் உண்டு. வீட்டில் வேறு பறவை இருந்தால் சோதனை முடிவு வரும்வரை புதியதை வேறு அறையில்தான் வைக்க வேண்டும்.

இடத்தை அடைக்காது என்ற வரிக்கு வருகிறேன். சாம்பல் கிளி இரண்டு சிறகையும் முழுக்க விரித்து அடிக்க முடியாத கூண்டு கூண்டே அல்ல. ஒரு மீட்டருக்குக் குறையாத அகலம் வேண்டும். வட்டமாக இருக்கக் கூடாது, ஒதுங்கி நிற்க ஒரு மூலை இல்லாமல் பறவை தவித்துப்போகும். கம்பி இடைவெளி 2 முதல் 2.5 சென்டிமீட்டர். துத்தநாகப் பூச்சு உள்ள கம்பி கூடாது, அலகால் சுரண்டிச் சுரண்டித் துத்தநாகம் உடம்பில் ஏறும். உட்கார வழவழவென்ற ஒரே தடிமன் உருளைக்குப் பதிலாகக் கோணல் மாணலான மரக்கிளைகளை வெவ்வேறு பருமனில் மாட்டுங்கள், இல்லாவிட்டால் பாதத்தில் புண் வரும். கூண்டின் ஒரு பக்கமாவது சுவரை ஒட்டி இருக்கட்டும். கூண்டு தூங்குவதற்கும் நாம் இல்லாத நேரத்துக்கும் மட்டும்தான், தினமும் மணிக்கணக்கில் வெளியே இருக்க வேண்டும். சிறகை வெட்டிவிட்டால் பாதுகாப்பு என்பார்கள். இது கனத்த உடம்புள்ள பறவை, வெட்டிய சிறகோடு விழுந்தால் நெஞ்சு எலும்புத் தோல் பிளந்துவிடும். இளம் பறவைக்கு விழுந்து விழுந்து வரும் பயம் அதற்குப் பிறகும் நீங்குவதில்லை.

சமையலறைக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள். இதைக் கொட்டை எழுத்தில் போட்டாலும் தகும். நான்ஸ்டிக் பாத்திரத்தின் பூச்சு அளவுக்கு மீறிச் சூடேறினால், சுமார் 260 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது, நம் மூக்குக்கு எட்டாத ஒரு புகை வெளிவரும். வெறும் பாத்திரத்தை அடுப்பில் மறந்து வைத்தால் சில நிமிடத்தில் அந்தச் சூடு வந்துவிடும். பறவையின் நுரையீரல் காற்றை நம்மைவிடப் பல மடங்கு நன்றாக உறிஞ்சிக்கொள்ளும் அமைப்பு. அதனால் நமக்கு இருமல்கூட வராத அளவு புகை அதைக் கொன்றுவிடும். மருத்துவமனைக்கு ஓடி வருவதற்குள் முடிந்துபோகும், வந்தாலும் செய்வதற்கு அதிகம் இல்லை. நான்ஸ்டிக் பாத்திரங்களை வீட்டை விட்டே அனுப்பிவிடுங்கள். அதே பூச்சு சில இஸ்திரிப் பெட்டிகளிலும் அறை சூடாக்கும் கருவிகளிலும் உண்டு. வாசனை மெழுகுவர்த்தி, கொசு மருந்துப் புகை, சென்ட், சிகரெட் எதுவும் அதன் பக்கத்தில் வேண்டாம். காற்றுக்கு நம் பக்கமும் ஒரு கணக்கு உண்டு. சாம்பல் கிளியின் இறகு ஓயாமல் வெள்ளைத் தூள் உதிர்க்கும், கறுப்பு மேசையில் ஒரே நாளில் விரலால் கோடு போடலாம். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் வாங்கும் முன்பே சாம்பல் கிளி இருக்கும் வீட்டில் சில மணி நேரம் இருந்து பார்க்கட்டும்.

‘கொஞ்சம் விதை போதும்’ என்ற வரி உயிரைக் குடிக்கும் வரி. விதைக் கலவையில் சூரியகாந்தியை மட்டும் பொறுக்கித் தின்று மற்றதைத் தள்ளிவிடும் பறவை இது. கொழுப்பு ஏறும், வைட்டமின் ஏ குறையும், கால்சியம் குறையும். கால்சியம் குறைவு மற்றக் கிளிகளைவிடச் சாம்பல் கிளியைத்தான் அதிகம் பாதிக்கும். ஒருநாள் ஓர் ஆண் கிளியைக் கொண்டுவந்தார்கள். மேசையில் நின்றுகொண்டிருந்ததுதான், பிடி நழுவியதுபோல ஒருபக்கம் சாய்ந்தது. விரல்கள் சுருண்டு, சிறகு வெடவெடவென்று அடித்து, கண் மேலே செருகியது. வீட்டார் யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று அழுதுகொண்டிருந்தார்கள். மருத்துவர் கால்சியம் ஊசி போட்டதும் சற்று நேரத்தில் எழுந்து நின்று ஒன்றும் நடக்காததுபோல இறகைக் கோதியது. அத்தனை வருடமும் அது தின்றது சூரியகாந்தி விதை மட்டும்.

தரமான பெல்லட் (சத்துகளைக் கலந்து சின்ன உருண்டைகளாகச் செய்த பறவைத் தீனி) பாதிக்கு மேல், மீதி காய்கறியும் கீரையும், கொஞ்சம் பழம், விதையும் கொட்டையும் பரிசாக மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேரட், சர்க்கரைவள்ளி, பூசணி, சிவப்புக் குடைமிளகாய் இவற்றில் வைட்டமின் ஏ கிடைக்கும். காரமிளகாயும் தரலாம், பறவைக்குக் காரம் தெரியாது. அவகாடோ, சாக்லேட், காபி, மது, உப்பிட்ட தின்பண்டம் கூடவே கூடாது. வெங்காயமும் வேண்டாம். கால்சியம் உடம்பில் சேர வெயில் தேவை, ஆனால் வெயிலில் அதற்கு உதவும் புற ஊதாக் கதிரை ஜன்னல் கண்ணாடி தடுத்துவிடும். பத்திரமான கூண்டில் வைத்துக் காலை வெயிலில் நிழலும் கலந்திருக்கும் இடத்தில் கூட இருந்து காட்டுங்கள். முடியாவிட்டால் பறவைக்கென்றே உள்ள புற ஊதா விளக்கு உண்டு. ஆனால் கால்சியம் மருந்தை நீங்களாக ஊற்றிவிடாதீர்கள், அளவு மிஞ்சினால் சிறுநீரகம் கெடும்.

தீனியைக் கிண்ணத்தில் கொட்டி வைத்தால் பத்து நிமிடத்தில் தின்று முடித்துவிடும். காட்டில் அதற்கு நாளின் பெரும்பகுதி இரை தேடுவதிலேயே போகும். மிச்ச நேரத்துக்கு வீட்டில் அதற்குக் கிடைப்பது தன் இறகு மட்டும்தான். அந்தப் படத்தில் உள்ள கிளிக்கு நடந்தது இதுவாக இருக்கலாம், தோல் நோயோ ஈரல் கோளாறோகூட இருக்கலாம். இறகு பிடுங்கும் பறவையை முதலில் மருத்துவரிடம் காட்டி உடம்பில் ஒன்றுமில்லை என்று தெரிந்துகொண்ட பிறகுதான் சலிப்பு, தனிமை என்று யோசிக்க வேண்டும். ராஜாவுக்கு நான் காலையில் தீனியைத் தாளில் சுருட்டி, அட்டைப்பெட்டிக்குள் திணித்து, பெட்டியைக் கிளையில் மாட்டிவிடுவேன். பெட்டி சல்லடையாகும்வரை வேறு சத்தமே இருக்காது. ஆனால் புதுப் பொருள் எதையும் சட்டென்று கூண்டுக்குள் வைப்பதில்லை. சாம்பல் கிளிக்குப் புதியதைக் கண்டால் பயம். மேசையில் இரண்டு நாள், பிறகு கூண்டருகில், நான் எடுத்து விளையாடிக் காட்டிய பிறகு உள்ளே.

இரவில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் இருட்டும் அமைதியும் வேண்டும். நாம் தொலைக்காட்சி பார்க்கும் அறையில் தூங்க வைத்தால் மறுநாள் கடிக்கும். தடவிக்கொடுப்பதைத் தலையோடும் கழுத்தோடும் நிறுத்திக்கொள்ளுங்கள். முதுகையும் சிறகின் அடியையும் தடவினால் வயதுக்கு வந்த பறவை உங்களைத் துணையாக எண்ணிக்கொள்ளும், பிறகு வீட்டில் மற்றவரை அண்டவிடாது. கருமணி சுருங்கிச் சுருங்கி விரிந்து, பிடரி இறகு சிலிர்த்தால் கையை எடுத்துவிடுங்கள். கடித்த பிறகு அடிப்பதும் கத்துவதும் எந்தப் பயனும் தராது.

கிராம் காட்டும் தராசு ஒன்று வாங்குங்கள். விலை உயர்ந்த பொம்மைகளைவிட அது முக்கியம். ராஜா காலையில் எச்சம் போட்டதும், தீனிக்கு முன், தராசில் பொருத்திய கட்டையில் தானே ஏறி நிற்கும். நான் எண்ணை வாசித்து நோட்டில் எழுதிய பிறகுதான் ஒரு பாதாம் துண்டு. ஒருமுறை தீனி, பேச்சு எதிலும் மாற்றமில்லாமல், எடை மட்டும் நாளுக்கு நாள் இறங்கியது. மருத்துவர் காற்றுப்பையில், அதாவது பறவையின் நுரையீரலோடு சேர்ந்த மூச்சுப் பையில், பூஞ்சை என்று கண்டுபிடித்தார். சரியான நேரத்தில் மருந்து தொடங்க முடிந்தது நோட்டில் இருந்த எண்களால்தான். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால் அதை அவசரமாக எடுத்துக்கொள்ளுங்கள், தின்கிறதே என்று காத்திருக்காதீர்கள்.

இத்தனையும் படித்துவிட்டு, இவ்வளவு சிரமப்பட்டு ஏன் வளர்க்க வேண்டும் என்று யாராவது கேட்கலாம். ஸ்பெயினின் டெனரீஃப் தீவில் நடந்த ஓர் ஆய்வு 2020இல் வெளியானது. உணவுக்கு மாற்றிக்கொள்ளும் வில்லையைப் பக்கத்துக் கூண்டில் உள்ள கிளியிடம் மட்டும் இல்லாமல் செய்தபோது, சாம்பல் கிளிகள் தமக்கு ஒன்றும் கிடைக்காது என்று தெரிந்தும் தம் வில்லைகளை அலகால் எடுத்து ஓட்டை வழியாக அதற்குக் கொடுத்தன. எனக்கு அந்தச் செய்தி வியப்பாகவே இல்லை. நான் காய்ச்சலில் படுத்திருந்தபோது ராஜா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, தான் பாதி கடித்த கேரட்டை என் உதட்டருகே கொண்டுவந்தது. இப்படிப்பட்ட உயிரைத் தெரிந்து, விரும்பி, நேரம் ஒதுக்கி ஒருவர் வைத்துக்கொள்வதை நான் தடுக்கமாட்டேன். எனக்குப் பிறகு ராஜா என் தங்கை மகளிடம் போகிறது. அவள் இப்போதே வாரத்தில் ஒருநாள் வந்து எடை போடுகிறாள், நோட்டை அவளும் எழுதுகிறாள், உயிலிலும் எழுதி வைத்திருக்கிறேன்.

உங்கள் கட்டுரையைப் பார்த்து ஏற்கெனவே வாங்கிவிட்ட வாசகர்கள் இருப்பார்கள். அவர்கள் இந்த வாரமே நான்ஸ்டிக் பாத்திரத்தை எடுத்துவிட்டு, பறவையை எடை போட்டு, பறவை வைத்தியம் தெரிந்த மருத்துவரிடம் ஒருமுறை காட்ட வேண்டும். விதையை ஒரே நாளில் நிறுத்த வேண்டாம். பெல்லட்டை உணவு என்றே தெரியாமல் பட்டினி கிடக்கும், எடையைப் பார்த்துக்கொண்டே வாரக்கணக்கில் மாற்றுங்கள். கூண்டின் வாசலைத் திறந்து வைத்து அதுவாக வெளியே வரும்வரை பொறுங்கள். அந்தப் படத்தில் இருந்த கிளி யாருடையது என்று உங்கள் புகைப்படக்காரருக்குத் தெரிந்திருந்தால், அந்த வீட்டாரிடம் இந்தக் கடிதத்தைச் சேர்ப்பித்துவிடுங்கள். அடுத்த முறை இப்படியொரு கட்டுரை அச்சுக்குப் போகும் முன் பறவை மருத்துவர் ஒருவரிடம் படிக்கக் கொடுக்கும்படியும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகி